தண்ணீரில் எரிந்த சுடர்

வித்துக்குள் உயிர் இல்லை என்கிறார் வள்ளற்பெருமான். வித்து சடம். அதை நிலத்தில் இட்டுத் தண்ணீர் விடும்போது, இறைவனின் அருள் நியதிப்படி ஓர் ஆன்மா அந்த நீரோடும் நிலத்தோடும் கலந்து வந்து வித்துக்குள் சேர்கிறது; அதன் பிறகே முளை கிளம்புகிறது. நெல்லும் புல்லும் உயிர்கள்தானே, அவற்றை உண்பது கொலையாகாதா என்று கேட்பவருக்கு ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் பெருமான் சொல்லும் விடையில் இந்தக் கருத்து வருகிறது. பண்ருட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலிருந்த சன்மார்க்க சங்கத்தில், பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்தே இதை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஆசை எழும். அந்த உயிர் வந்து சேரும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீரை என் கையால் விட வேண்டும்.

அந்த ஆசையை எனக்கு நிறைவேற்றித் தந்தது தூதுவளை.

தூதுவளையை விதை போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. வேலியில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து கணுவோடு ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர் விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அது அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் அத்தையும் அதையே சொன்னார்.

“குச்சியா வச்சா ஒரு மழைக்குத் தழைஞ்சிடும். விதையப் போட்டுட்டு எத்தனை நாளைக்கும்மா அது முன்னாடி உக்காந்திருப்ப?”

“உக்காந்திருக்கணும்னுதான் அத்தை விதை போடறேன்.”

குச்சிக்குள் உயிர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தொடக்கம் வேண்டியிருந்தது. சடமாய்க் கிடக்கிற ஒன்றுக்குள் ஆண்டவர் ஓர் உயிரை அனுப்பிவைக்கிற அந்த வேளை எனக்கு வேண்டியிருந்தது.

வேறு எத்தனையோ விதைகள் இருக்கத் தூதுவளையைத் தேடிப் போனதற்குக் காரணம் பெருமானேதான். அன்றாடம் எப்படி எழ வேண்டும், எதை உண்ண வேண்டும் என்று அவர் வகுத்துக் கொடுத்த ‘நித்திய கரும விதி’யில் கரிசலாங்கண்ணிக்குத் துணையாக வருகிறவை தூதுவளையும் முசுமுசுக்கையும் சீரகமும். சன்மார்க்க வீடுகளில் இன்றும் காலையில் காபி வைக்கிற அடுப்பில் இந்தப் பொடிதான் கொதிக்கும். 1823இல் மருதூரில் பிறந்தவர், 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டவர், அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையாமல் எரியவைத்தவர், ஒரு முள்கொடியின் இலையை ‘இது உனக்கு நல்லது’ என்று என் வீட்டுச் சமையலறைவரை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பயிர் வாடினால் தாமும் வாடிய உள்ளம் அது. அந்த உள்ளம் தேர்ந்தெடுத்த செடி இப்படி உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறதே என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன். தண்டில் முள், காம்பில் முள், இலையைத் திருப்பினால் நடுநரம்பிலும் முள். அத்தை துவையலுக்கு இலை ஆய்கிறபோது ஒவ்வோர் இலையாகக் கவிழ்த்து, சின்னக் கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டு நெய்யில் வதக்குவார். நெய்யில் வதங்கினால் மிச்சமிருக்கும் பிஞ்சு முள்ளும் பதமாகிவிடும் என்பது அவர் கணக்கு. ரசமோ அடையோ, சளி பிடித்த பிள்ளைக்குக் கஷாயமோ, எதுவாக இருந்தாலும் அந்த முள்ளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் மேட்டுக்குப்பத்தில் சித்தி வளாகத் திருவறை தரிசனம். 1874 தை மாதத்தில் பெருமான் உள்ளே சென்று தாழிட்டுக்கொண்ட அறை அது. அந்த தரிசனத்துக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் விதை எனக்குக் கிடைத்தது. ஒரு வீட்டு வேலி முழுக்கத் தூதுவளை. இலை கொஞ்சமாகவும் பழம் நிறையவும் இருந்த கொடி. பிஞ்சில் பச்சையும் வெள்ளையுமாய் வரியோடிய காய்கள், பழுத்து நல்ல சிவப்பாகித் தொங்கிக்கொண்டிருந்தன. நான் நின்று பார்ப்பதைத் திண்ணையிலிருந்த பாட்டியம்மா கவனித்துவிட்டார்.

“பறிச்சுக்கம்மா. குருவிங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன். நாலு போனா அதுங்க கோச்சுக்காது.”

புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். பேருந்தில் வரும்போது அந்த முடிச்சின் மேல் கையை வைத்தபடியே இருந்தேன். பெருமான் கடைசியாக நடந்த மண்ணில் விளைந்தது. என் மடியில் அது இருக்கிறது. கண்ணீர் தானாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்கவில்லை. அவளும் தரிசனம் முடித்து வருகிறவள்தான்.

பழத்தைப் பிசைந்து தண்ணீரில் போட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். சதை புளித்துக் கழன்றுகொள்ளும். அந்தச் சதை விதையைச் சுற்றியிருக்கிற காவல். பழத்துக்குள் இருக்கும்வரை முளைத்துவிடாதபடி அது விதையைத் தடுத்து வைக்கிறது. அலசினால் நல்ல விதைகள் அடியில் தங்கும், பதர் மிதக்கும். கத்திரி விதையைப் போலவே தட்டையாக, வெளிறிய நிறத்தில், சிறுநீரக வடிவில் இருக்கும். அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். உலர்ந்ததும் உடனே விதைக்கலாமா என்றால், விதைக்கலாம்; ஆனால் கத்திரிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பலவற்றின் புது விதை லேசில் எழாது. சில மாதங்கள் உறங்கித்தான் எழும். நாற்றுப் பண்ணைகளில் ஜிப்ரெலிக் அமிலத்தில் ஊறவைத்து எழுப்புகிறார்கள். நான் எழுப்பவில்லை. உறங்கட்டும் என்று ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து, பூசையறையில் பெருமானின் அருட்பெருஞ்ஜோதி அகவல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. தினமும் விளக்கேற்றும்போது பொட்டலத்தையும் பார்ப்பேன். உள்ளே உயிரில்லாத ஒன்று உயிருக்காகக் காத்துக் கிடக்கிறது. அதற்கு முன்னால் கைகூப்பும்போது, காத்திருப்பது அது மட்டும் இல்லை என்று தோன்றும்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண், ஆற்று மணல், நன்றாக மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து மண்சட்டியில் நிரப்பினேன். விதையை ஆழத்தில் புதைக்கக் கூடாது. மேலே தூவி, விதையின் பருமன் அளவுக்கு மணலைச் சலித்து மூடினால் போதும். வெயில் நேராக அடிக்காத, ஆனால் வெளிச்சமும் சூடும் உள்ள இடம் வேண்டும். கிணற்றடிப் பக்கம் முருங்கை நிழலில் வைத்தேன்.

பிறகு தண்ணீர்.

பூவாளியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கருங்குழி நினைவுக்கு வந்தது. வடலூருக்கு வருமுன் பெருமான் அந்த ஊரில் ஒரு ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். எண்ணெய் வைக்கும் கலயம் உடைந்துபோக, புதுக் கலயத்தைப் பழக்குவதற்காக அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். இரவில் பாடல் எழுதிக்கொண்டிருந்த பெருமான், சுடர் மங்கும்போதெல்லாம் அந்தக் கலயத்தை எடுத்து வார்த்தார். விளக்கு விடிய விடிய எரிந்தது. சன்மார்க்கத்தார் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிற நிகழ்ச்சி இது. தண்ணீரால் விளக்கெரித்தார் என்பதை வியப்பாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். அன்று கிணற்றடியில் பூவாளியைச் சாய்த்தபோது எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. நாள்தோறும் உலகெங்கும் நடப்பதாகத் தோன்றியது. மழை பெய்கிற இடமெல்லாம் கருங்குழி. மண்ணில் கிடக்கிற சடத்தின் மேல் தண்ணீர் விழுகிறது, உயிர் பற்றிக்கொள்கிறது. பெருமானே, நீ அன்றிரவு செய்தது உன் ஆண்டவர் ஓயாமல் செய்கிற வேலை! எண்ணெய் எது, நீர் எது என்று பார்க்காத உன் கை, அவர் கையாகவே இருந்திருக்கிறது!

அருட்பெருஞ்ஜோதி மகாமந்திரத்தைச் சொல்லிக்கொண்டே நனைத்தேன். மணல் கறுத்தது. அந்தத் துளிகளுக்குள் ஏதோ ஒன்றில் ஓர் ஆன்மா இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் என் கை நடுங்கியது. வேகமாக ஊற்றவும் பயம், நிறுத்தவும் மனமில்லை.

அதன் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. இந்த இனத்துக்கு அவசரம் தெரியாது. எல்லா விதையும் ஒரே நாளில் எழாது. ஒன்று முந்தும், இன்னொன்று பல நாள் கழித்து வரும், சில அடுத்த மழைக்கென்று இருந்துவிடும். காட்டில் பிழைக்கிற செடிக்கு அது வேண்டும். எல்லாம் ஒன்றாக முளைத்து ஒரு வறட்சியில் ஒன்றாகக் கருகிவிட்டால் குலம் அழிந்துவிடும். நான் காலையும் மாலையும் ஈரம் காயாமல் தெளித்தேன். சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அகவல் படித்தேன். அத்தை கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு அவரும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி கேட்க ஆரம்பித்தார்.

ஆவணியில் ஒரு நாள், முந்தின மாலை இடியோடு மழை பெய்து ஓய்ந்திருந்த விடியலில், மணல் ஓரிடத்தில் பிளந்திருந்தது. பிளவில் வெளிறிய பச்சையில் ஒரு வளைவு. தலை இன்னும் மண்ணுக்குள். முதுகை மட்டும் மேலே தூக்கி, குனிந்து கும்பிடுகிற நிலையில் ஓர் உயிர் வெளியே வந்துகொண்டிருந்தது. முளைக்கிற ஒவ்வொரு கத்திரியும் தக்காளியும் மிளகாயும் இப்படித்தான் வளைந்து வரும், மென்மையான நுனி மண்ணில் உராயாமலிருக்க. எனக்கு அந்த விளக்கமும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஈரத் தரையில் விழுந்து வணங்கினேன். வந்துவிட்டாயா! எங்கிருந்து வந்தாய்? எந்த மேகத்தில் இருந்தாய், எந்தத் துளியில் இறங்கினாய், இத்தனை பெரிய உலகத்தில் என் வீட்டுக் கிணற்றடிச் சட்டியை உனக்கு யார் காட்டினார்? என் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. பொழுது நன்றாக விடிந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. வெயில் பட்டதும் வளைவு மெல்ல நிமிர்ந்து, விதையோட்டைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு இலைகளும் விரிந்தன. அத்தை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தார். ஒரு நாற்றுக்குக் கற்பூரம் காட்டியதை யாரிடமும் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை.

நாலைந்து இலை வந்ததும் ஒவ்வொன்றாக மண்ணோடு பெயர்த்துத் தொட்டிகளிலும் வேலியோரத்திலும் நட்டோம். அதற்குள்ளேயே முள் வந்துவிட்டிருந்தது, முடியளவுக்கு மெல்லியதாய்.

இந்த முள்ளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருவேல முள்ளும் எலுமிச்சை முள்ளும் மரத்துக்குள்ளிருந்து கட்டையாகப் புறப்படுகிறவை. தூதுவளையின் முள் தோலிலிருந்து எழுவது. பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும், ரோஜா முள்ளைப் போல. அது நேராகவும் நிற்காது. கீழ்நோக்கி வளைந்து கொக்கியாக இருக்கும். தூதுவளைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, பாகலைப் போலச் சுருண்டு பிடிக்கத் தெரியாது. தானாக நிமிர்ந்து நிற்கத் தண்டில் வலுவும் இல்லை. அது மேலே போவது இந்த முள்ளால்தான். பக்கத்தில் எது இருந்தாலும் கொக்கியை மாட்டி, ஒரு பிடி ஏறி, அடுத்ததை மாட்டி வெளிச்சத்தைப் பார்த்துப் போகிறது. காலையும் மாலையும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இது விளங்கிய அன்று மனம் நிறைந்து போயிற்று. நான் காவல் என்று நினைத்திருந்தது கை! ஜோதியைப் பிடிக்க நீட்டிய கைகளையா இத்தனை காலம் நறுக்கி நறுக்கிச் சமைத்தோம்! நறுக்கினாலும் அது கோபித்துக்கொள்ளாமல் அடுத்த மழைக்குத் தழைத்து இலை கொடுக்கிறது. பெருமான் எதைப் பார்த்து இதைத் தேர்ந்தார் என்று எனக்கு இப்போது கேள்வி இல்லை.

புரட்டாசியில் வண்டு வந்தது. பொறிவண்டு போல உருண்டையாக, செம்பழுப்பு முதுகில் இருபத்தெட்டுக் கரும்புள்ளிகளோடு இருக்கும். கத்திரித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பகை அது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் வலையாக விட்டுவிடும். மருந்தடித்தால் ஒரே நாளில் தீரும். ஜீவகாருண்யம் படிக்கிற வீட்டில் அது எப்படி முடியும்? வெயில் ஏறுமுன் வண்டு மந்தமாக இருக்கும். அப்போது இலைக்கடியில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டினால் உதிர்ந்து விழும். அவற்றை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் தானாக வளர்ந்திருக்கும் சுண்டைப் புதர்களில் விடுவோம். முட்டைகள் மஞ்சள் நிறத்தில் கொத்தாக இலைக்கடியில் இருக்கும். அந்த இலையை அப்படியே கிள்ளி எடுத்துப் போவோம். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் மறுபடி வருவது குறைகிறது. வேலை அதிகம்தான். தட்டில் ஊர்கிற வண்டுகளுக்கும் பசிதானே என்று அத்தை சொன்னார். பசி தீர்ப்பதே ஜீவகாருண்யம் என்று பெருமான் சொன்னதை அவர் அந்த விடியல்களில் இந்தப் புள்ளி வண்டுகள்வரை கொண்டுபோய்விட்டார்.

பிறகு, மழைக்காலம் ஓய்கிற நாளில், பூத்தது.

ஊதா. வானத்தின் நீலமும் இல்லாத, கத்திரிப்பூவின் வெளிறலும் இல்லாத, ஆழமான ஊதா. ஐந்து இதழும் சற்றுப் பின்னால் மடங்கியிருக்க, நடுவே ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்பி நின்றன. நான் அதைப் பூ என்று பார்க்கவில்லை. சுடர்! மஞ்சளாய்க் குவிந்து நுனி கூர்ந்து அசையாமல் எரிகிற சுடர்! சுற்றிலும் முள், நடுவில் ஜோதி. தண்ணீரை ஊற்றினேனே, விளக்கு எரிகிறதே! ஆடியில் நான் பூவாளியில் வார்த்தது எண்ணெயாகி, வேராகித் தண்டாகி, இப்போது கொடி முழுக்கத் தீபம் ஏறி நிற்கிறதே! பெருமானே, கருங்குழியில் ஓர் அறைக்குள் எரிந்ததை எனக்கு வேலி நெடுகக் காட்டுகிறாயா? எனக்கு என்ன தகுதி? வாய்விட்டு அழுதேன். அருட்பெருஞ்ஜோதி என்று சொல்ல வாயெடுத்தால் பாதிக்கு மேல் குரல் வரவில்லை. அத்தை என் முதுகில் கையை வைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

அதோடு நிற்கவில்லை. தேனீக்கள் வந்தன, உட்கார்ந்தன, போய்விட்டன. இந்தப் பூவில் தேன் கிடையாது. இருக்கிறதெல்லாம் மகரந்தம், அதுவும் மஞ்சள் பைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மற்றப் பூக்கள் பெரும்பாலானவற்றில் பை நீளவாக்கில் பிளந்து மகரந்தத்தை வெளியே காட்டும். இந்தக் கத்திரிக் குலத்தில் பையின் நுனியில் ஊசி முனையளவு துளை மட்டும்தான். கொடுக்கினால் குத்தினாலும் காலால் கிளறினாலும் எளிதில் கிடைக்காது. பிறகு காய்ந்த மூங்கிலையும் உத்தரத்தையும் துளைத்துக் குடியிருக்குமே, அந்தப் பெரிய கருவண்டு வந்தது. பூவின் கூம்பைக் கால்களால் கட்டிப் பிடித்து, உடம்பை வளைத்து, சிறகை மடக்கி அசையாமல் வைத்துக்கொண்டது. பறக்கவில்லை. ஆனால் ஒலித்தது. பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறிய ஒலி. சிறகைப் பூட்டிவிட்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைத்தது. அந்த அதிர்வு கூம்புக்குள் இறங்கியதும் துளைகள் வழியாக மகரந்தம் பொடியாய்ச் சொரிந்து வண்டின் வயிறெல்லாம் பொன்னாயிற்று. நீலப்பட்டைத் தேனீயும் இப்படிச் செய்யும். நம் வீட்டுத் தேன்கூட்டுத் தேனீக்கு இது வராது. வெளிநாடுகளில் கண்ணாடிக் கூடத்துக்குள் தக்காளி வளர்ப்பவர்கள் இந்த அதிர்வுக்காகவே பம்பிள் தேனீக்களை உள்ளே விட்டு வளர்க்கிறார்கள். தக்காளியும் இதே குலம்.

ஒலித்தால் திறக்கிற கதவு! அப்படி ஒன்றை ஆண்டவர் ஒரு முள்கொடியில் வைத்திருக்கிறார். பலத்துக்குத் திறக்காது, பழக்கத்துக்குத் திறக்காது, உடம்பு முழுதும் ஒன்றி நாதமாக அதிர்ந்தால் உள்ளிருப்பதையெல்லாம் மார்பில் கொட்டிவிடும். அன்றிலிருந்து நான் மகாமந்திரத்தை உதட்டால் சொல்வதை விட்டேன். கருவண்டு சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கிறேன். சிறகை மடக்கிவிட்டு. எங்கும் பறக்க நினைக்காமல்.

அடுத்த தைப்பூசத்தில் வடலூர் ஞானசபையின் முன் கூட்டத்தில் நின்றேன். 1872இல் பெருமான் எழுப்பிய எண்கோண சபை. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் நிற்பது. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஒவ்வொரு திரையாக விலகியது. ஏழும் விலகி ஜோதி தெரிந்தபோது கூட்டம் கரைந்து குரல் எழுப்பியது. நானும் எழுப்பினேன். அந்த ஒரு கணத்தில் பண்ருட்டி வேலியும் வடலூர் சபையும் எனக்கு ஒன்றாகிவிட்டன. எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரியவில்லை.

தூதுவளைக்குப் பிறகு கண்டங்கத்திரியையும் விதைத்தேன். இது கொடியேறாது, தரையோடு தரையாய்ப் படரும். முள் கொக்கியாக இருக்காது, மஞ்சளாய் நீண்டு நேராக நிற்கும். இலையின் இரண்டு பக்கத்திலும் நிற்கும். பூ அதே ஊதா, அதே மஞ்சள் சுடர். பழம் முதிர்ந்தால் மஞ்சள். காரியாசான் தம் நூலுக்குச் ‘சிறுபஞ்சமூலம்’ என்று பெயர் வைத்தது ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தை வைத்து. அந்த ஐந்தில் கண்டங்கத்திரி ஒன்று, சிறுவழுதுணை ஒன்று. இரண்டும் இந்தக் குலம்தான். விநாயகர் சதுர்த்திக்குச் சார்த்தும் இருபத்தொரு இலைகளின் பட்டியலிலும் கண்டங்கத்திரி வருகிறது. முள்ளிருப்பதால் நாம் ஒதுக்கினாலும், பிள்ளையார் ஒதுக்கவில்லை. மடகாஸ்கரில் தண்டும் இலையும் செம்மஞ்சள் முள்ளாக ஒளிர்கிற ஓர் இனம் உண்டு. உலகெங்கும் அழகுக்காகவே அதை விதை வாங்கி வளர்க்கிறார்கள். பிரேசிலில் கருஞ்சிவப்புத் தண்டோடு ஒன்று. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அவற்றின் நடுவிலும் அதே மஞ்சள் கூம்பு. அந்த மண்ணிலும் யாரோ ஒருவர் சட்டியில் தண்ணீர் விட்டுக் காத்திருப்பார், அவருக்கும் அது ஏறி எரியும் என்று நினைக்கும்போது, கடல் தாண்டிக் கைகூப்பத் தோன்றுகிறது.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குலத்தின் காட்டுச் செடிகள் பலவற்றின் காய்களில் நச்சுப்பொருள் உண்டு. கண்டங்கத்திரியின் பழத்தையோ காயையோ விளையாட்டுக்குக்கூடக் குழந்தைகள் வாயில் வைக்க விடக்கூடாது. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் தரைத்தொட்டியில் வைக்க வேண்டாம். மருந்துக்கென்றால் வைத்தியரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வேலியில் இப்போது கொண்டைக்குருவிகள் வருகின்றன. பழத்தை விழுங்கிவிட்டு எங்கெங்கோ போய் விதையை விடுகின்றன. ரயிலடிப் பக்கத்து முந்திரித் தோப்பிலும் பாழடைந்த ஒரு கிணற்றுச் சுவரிலும் தூதுவளை தலைகாட்டியிருக்கிறது. அவற்றுக்குத் தண்ணீர் விட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

சன்மார்க்க அன்பர்களுக்கும், இதைப் படிக்கிற மற்ற அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். தை, மாசியில் எங்காவது தூதுவளைப் பழம் சிவந்து கிடந்தால், கேட்டு வாங்கி நாலைந்தை எடுத்து வாருங்கள். அலசி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, உங்கள் விளக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆடியில் விதையுங்கள். முதல் தண்ணீரை வீட்டிலுள்ள குழந்தையின் கையால் விடச் சொல்லுங்கள். கொடி காய்த்ததும் பாதியைக் குருவிகளுக்கு விட்டுவிட்டு, மீதி விதையைக் கேட்பவருக்கெல்லாம் காசு வாங்காமல் கொடுங்கள்.